பதினெட்டாவது பொருள்

காலை ஒன்பது நாற்பதுக்கு அவள் பதினோராவது பொருளுக்கு வந்திருந்தாள். இடப்பக்கம் கணவர் எழுதிய சீட்டுகள், வலப்பக்கம் பிழைதிருத்த அச்சகம் அனுப்பிய மெய்ப்பு. கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பன்னிரண்டுக்கு எடுப்பதாகப் பேச்சு.

லத்தீன்–தமிழ் அகராதியில் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல். மனுஸ். கை என்று பொருள். ஒரே எழுத்தில் முடிகிற காரியத்துக்கு ஒன்பது வருடமா என்று அவளுடைய அண்ணன் கேலி செய்யாத நாளில்லை.

அவள் பேருந்து ஓட்டுபவள். லத்தீன் தெரியாது. ஆனால் சாப்பிடும்போது அவள் காதில் போட்ட பிறகுதான் எதுவும் சீட்டில் ஏறும். கையெழுத்து என்று ஒரு பொருள். படைப்பிரிவு. கூலியாட்கள். எதிரிக் கப்பலைப் பிடித்திழுக்கும் கொக்கி. மனைவிமேல் கணவனுக்குள்ள சட்ட அதிகாரம் என்றும் ஒன்று. இந்த வீட்டில் அது எப்போது நடந்தது என்று அவள் கேட்டாள். மனிதருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மெய்ப்பு இன்றே அச்சகம் போகவேண்டும். பூவோடு வந்த பதிப்பாசிரியர், மீதியை அலுவலகத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் நாற்காலியைக் காட்டினாள். விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். விட்டுப்போன காற்புள்ளி ஒன்றைச் சிவப்பில் போட்டாள். ஆட்கள் காத்திருப்பதாக அண்ணன் இரண்டுமுறை வந்து சொல்லிவிட்டுப் போனான்.

சீட்டு பதினெட்டு. மெய்ப்பில் பதினேழு.

விட்டுப்போனதை எடுத்து நீட்டினாள். யானையின் துதிக்கை. அதற்கு இரண்டாவது மேற்கோள் தேடி அவர் நான்கு மாதம் நூலகத்தில் கிடந்தார். கிடைத்த அன்று பணிமனைக்கே வந்து, அவள் வண்டியை விட்டு இறங்கும்வரை வெயிலில் நின்றார்.

பக்கம் நிரம்பிவிட்டது, எங்காவது வெட்டவேண்டியிருந்தது, இதை யார் தேடப்போகிறார்கள் என்று பதிப்பாசிரியர் மென்று விழுங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வழக்கமில்லைதாம்மா. ஆனா கடைசி வரியில அவர் பேரையே போட்டுடறோம். இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல."

மூன்றாம்முறை வந்த அண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அகராதியில பேரா, என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

அவள் மூடியைக் கழற்றிப் பேனாவைப் பதிப்பாசிரியர் பக்கம் வைத்தாள்.

"பேருக்கு ஒரு வரி இடமிருக்குல்ல, சார். அதுல யானைய ஏத்திக்கிறீங்களா?"