ஜப்பான் அக்கா வாய் திறக்காத பாட்டு

ஆக்லாந்தில் ஓடும் கார்களில் பாதிக்குமேல் ஜப்பானில் ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடித்தவை. கப்பலில் வந்து இறங்கும்போது டயரும் சீட்டும் கண்ணாடியும் வருவதுபோல, உள்ளே குடியிருக்கும் பெண்குரலும் கூடவே வந்துவிடும். சாவியைத் திருப்பினால் பேசும். என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்பதுமில்லை. ஆனால் விக்ரோறியா வீட்டு வெள்ளை வேனில் இருந்தவள் ஒரு வணக்கத்தோடு நிறுத்துகிற ரகம் இல்லை. உள்ளே வயர் எங்கோ தளர்ந்திருந்தது. குழியில் சக்கரம் இறங்கினால் போதும், சுவாமியார் தோற்றுப்போகும் பிரசங்கம் வைப்பாள். விக்ரோறியாவின் புருஷன் ஏர்னஸ்ட் அந்தக் குரலுக்கு ஜப்பான் அக்கா என்று பெயர் சூட்டியிருந்தான்.

வேனுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் ரேடியோ ஜப்பான் அலைவரிசைக்கென்றே பிறந்தது. தொண்ணூறுக்கு மேல் ஏறாது. ஆக்லாந்தின் நல்ல ஸ்டேஷன்கள் எல்லாம் அதற்கு மேலேதான் குடியிருந்தன. ஆகவே அந்த வேனில் சிடி போட்டால் பாட்டு, போடாவிட்டால் அக்கா.

ஏர்னஸ்ட் மன்னார்க்காரன். பகலில் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுவான், மிச்ச நேரமெல்லாம் ராக். அவன் தொண்டையைத் திறந்தால் அவர்கள் குடியிருந்த பாபடோயிட்டோயில் நிற்கிற கார்களின் அலாரமெல்லாம் ஒன்றாக அலறும் என்பார்கள். பாட்டும் கிட்டாரும் அவன். பேஸ் கிட்டார் விக்ரோறியா. இன்னொரு கிட்டார் அவன் தம்பி கிளைவ். டிரம்ஸ் மலேசியாக்காரன் லிங்கேஸ்வரன். பாண்டின் பெயர் கறுத்தக்கொழும்பான். மாம்பழத்தின் பெயரை வைத்துக்கொண்டு எவன் ராக் வாசிப்பான் என்று லிங்கேஸ்வரன் சேர்ந்த அன்று கேட்டான். கேட்டபடியே இரண்டு ஆல்பம் வாசித்தும்விட்டான்.

ஆல்பம் வெளிவருமுன் ஒரே ஒரு பாட்டைத் தனியே முன்னால் அனுப்புவார்கள். லீட் சிங்கிள். அது நன்றாக அமைந்தால் மற்றப் பாட்டுகளுக்கும் கதவு திறக்கும். சொதப்பினால் மொத்த ஆல்பமும் அட்டைப்பெட்டியோடு வீட்டில் கிடக்கும். பெரிய பாண்டுகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்க ஆள் அம்பு உண்டு. கறுத்தக்கொழும்பானுக்கு ஜப்பான் அக்கா இருந்தாள். முறை இதுதான்: விரி என்கிற பகுதியில் லிங்கேஸ்வரன் வேலை செய்யும் கிடங்கின் பின்னறையில் ஒத்திகை பார்த்துவிட்டு, சிடியைப் போட்டுக்கொண்டு சான்ட்ரிங்ஹாமுக்குத் தோசை சாப்பிடப் புறப்படுவார்கள். வழியில் எந்தப் பாட்டின் நடுவே அக்கா வாய் திறக்கிறாளோ அது தள்ளுபடி. எந்தப் பாட்டுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை வாயை மூடிக்கொண்டு இருக்கிறாளோ அதுதான் லீட் சிங்கிள்.

சிரிக்கலாம். ஆனால் முதல் ஆல்பத்துக்கு அவள் பொறுக்கிய பாட்டை மாணவர் வானொலியில் ஓயாமல் போட்டார்கள். இரண்டாவதற்கு அவள் பொறுக்கியது வந்த வாரத்தில் சான்ட்ரிங்ஹாம் தோசைக்கல்லெல்லாம் தாளம் போட்டதாகக் கேள்வி. அக்காவின் காதில் ஒரு பழுதும் இல்லை.

மூன்றாவது ஆல்பம் பாதியில் நிற்கும்போது ஏர்னஸ்ட் செத்துப்போனான். மாசிமாத வெயிலில், வேலைக்குப் புறப்பட்டு வேனில் ஏறி, விக்ரோறியாவுக்காக ஹோர்ன் அடித்துவிட்டுக் காத்திருந்தான். இரண்டாவது தரம் ஹோர்ன் அடிக்கவில்லை. அவள் கதவைப் பூட்டி, பூட்டினேனா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்த்து, வந்து சேர்வதற்குள் நெஞ்சு நின்றிருந்தது.

அதற்குப் பிறகு விக்ரோறியாதான் வேனை ஓட்டினாள். அவள் குள்ளம், அவன் நெடுவல். சீட்டை முன்னுக்கு இழுத்தால்தான் பெடல் எட்டும். இழுத்துவிட்டுப் போவாள், மறுநாள் வந்து பார்த்தால் சீட் பின்னுக்குப் போயிருக்கும், அவன் கால் நீளத்துக்கு. நெம்புகோல் தேய்ந்துவிட்டது என்றான் மெக்கானிக். புதிசு போட்டான். புதிய நெம்புகோலும் ஓரிரவிலேயே தேய்ந்தது. அவள் மெக்கானிக்கிடம் திரும்பப் போகவில்லை. தினமும் காலையில் சீட்டை முன்னுக்கு இழுக்கும்போது, யாரையோ எழுப்பிவிட்டு உட்காருகிற கூச்சம் அவளுக்கு வரும்.

நவம்பர், மரித்தவர்களுக்குப் பூசை வைக்கிற மாதம். ஆல்பம் ஒருவழியாக முடிந்திருந்தது. முதல் ஞாயிறு பின்னேரத்துக்குள் சிங்கிளை அனுப்பினால் வருகிற சனிக்கிழமை காலை நிகழ்ச்சியில் போடுவதாக வானொலிக்காரர் சொல்லியிருந்தார். போட்டியில் நின்றது மூன்று பாட்டு. ஒன்று கிளைவ் எழுதியது, ஒன்று லிங்கேஸ்வரன் எழுதியது, மூன்றாவது ஏர்னஸ்ட் சாவதற்கு முன் பாடி வைத்தது. "கதவைச் சாத்திப்போட்டு வா, கார் நிக்குது" என்று தொடங்கும். தினமும் காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு அவன் கத்துகிற அதே வரி. அவளைக் கேலி செய்யத்தான் எழுதினான். ரெக்கோர்ட் பண்ணிய அன்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் போன பிறகு விக்ரோறியா அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அந்தப் பாட்டு ஆல்பத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். சிங்கிளாக மட்டும் போகக்கூடாது. அவள் முடிவு அது. வாய்விட்டுச் சொன்னால் கிளைவ் சண்டைக்கு வருவான். எனவே அக்காவின் வாயாலேயே சொல்லவைப்பது என்று தீர்மானித்தாள். எந்த றோட்டில் எந்தக் குழி என்று அவளுக்கு மனப்பாடம்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து விரிக்குப் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டாள். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கிளைவும் லிங்கேஸ்வரனும் பின்சீட்டில். முன்னால் இடப்பக்கத்துச் சீட், அவள் முன்பு உட்கார்ந்துவந்தது, காலியாகவே இருந்தது. அதில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை.

முதலில் கிளைவின் பாட்டு. அதற்கென்று மோட்டர்வேயில் ஏறினாள். எண்ணெய் தடவினாற்போல வழுக்குகிற றோட்டு. பல்லவிகூட முடியவில்லை, அக்கா பேசத் தொடங்கிவிட்டாள்.

"என்ன சனியன் இது," என்றான் கிளைவ். "ஒரு குழியும் இல்லையே அண்ணி."

"உன்ரை பாட்டே ஒரு குழிதான்," என்றாள் விக்ரோறியா. அவள் போட்ட கணக்கு முதல் பாட்டிலேயே தவறியது.

லிங்கேஸ்வரனின் பாட்டுக்கு அக்கா முதல் அடியிலேயே குறுக்கிட்டாள். நிறுத்தவேயில்லை, அவளும் ஒரு பாடகிபோலக் கூடவே வந்தாள்.

"என்னாக்கா இது, டூயட்டா போச்சு," என்றான் லிங்கேஸ்வரன். "பேசாம இவளையே பாட வச்சிருக்கலாம் லா. சம்பளமும் கேக்கமாட்டா."

மூன்றாவது பாட்டுக்கு முன் விக்ரோறியா மோட்டர்வேயை விட்டு இறங்கினாள். தண்ணிக் குழாய் பதிக்க வெட்டிப்போட்டு வாரக்கணக்காகக் கிடந்த ஒரு தெருவுக்குள் திருப்பினாள். அந்தத் தெருவில் போனால் வாயில் இருக்கிற பல் மடியில் விழும். மாட்டுவண்டிகூட மாட்டேன் என்று மண்டியிடும். அங்கேதான் ஏர்னஸ்ட் பாடத் தொடங்கினான்.

கதவைச் சாத்திப்போட்டு வா.

குரல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து, சீட்டுக்குள்ளிருந்து வந்தது. அப்படித்தான் இருந்தது அவளுக்கு. வேன் முதல் பள்ளத்தில் இறங்கி ஏறியது. டிரம் பெட்டிகள் பின்னால் ஒன்றோடொன்று மோதின. அக்கா மூச்சு விடவில்லை. இரண்டாவது பள்ளம். லிங்கேஸ்வரனின் தலை கூரையில் இடித்தது. அக்கா இல்லை. கண்ணாடித் துடைப்பான்கூட இழுக்கிற சத்தத்தை நிறுத்திவிட்டதுபோல இருந்தது. வெட்டுத் தெரு முடிந்ததும் அவள் விடவில்லை. வேகத்தடை இருக்கிற சந்தாகப் பார்த்துப் பார்த்துத் திருப்பினாள். ஒவ்வொரு தடையிலும் வேன் கங்காருபோல எம்பியது. ஏர்னஸ்ட் ஒரு வார்த்தை தவறாமல் பாடிக்கொண்டே வந்தான். சிடி ஒரு தரம்கூடத் துள்ளவில்லை.

"அண்ணி," என்றான் கிளைவ். "பள்ளம் பள்ளமாத் தேடி விழுத்திறீங்கள் என்ன?"

அவள் இன்னொரு சந்துக்குள் திருப்பினாள். பாட்டு முடிந்தது. முடிந்த கணமே அக்கா தொண்டையைச் செருமாத குறையாகப் பேச ஆரம்பித்தாள். விக்ரோறியா சான்ட்ரிங்ஹாம் மளிகைக்கடை ஒன்றின் முன்னால் வேனை நிறுத்தினாள். யாரும் இறங்கவில்லை.

"அக்கா சொல்லிட்டா. அவ்வளவுதானே," என்றான் லிங்கேஸ்வரன் மெதுவாக.

"இல்லை," என்றாள் விக்ரோறியா. "அனுப்பக்கூடாது."

"ஏன்?" என்றான் கிளைவ்.

"ஆல்பம் எண்டா நாங்கள் தேடிப்போய்க் கேக்கிறது. வேண்டாமெண்டா போடாமல் விடலாம். சிங்கிள் அப்பிடியில்லை, தம்பி. அது எங்களைத் தேடி வரும். நான் டெய்ரிக்குப் பால் வாங்கப் போவன். பெற்றோல் அடிக்கப் போவன். பல்லு டொக்டரிட்டைப் போவன். எல்லா இடத்திலையும் உன்ரை அண்ணன் நிண்டுகொண்டு கதவைச் சாத்திப்போட்டு வா எண்டு கூப்பிடுவார். நான் எங்கை போறது?"

கிளைவ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

"உங்களுக்கு அவர் வீட்டிலை இருக்கிறார்," என்றான். "இந்தச் சீட்டிலையும் இருக்கிறார், எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதேங்கோ. ஒவ்வொரு நாளும் வாறார், உங்களோடை வேலைக்குப் போறார். எனக்கு எங்கை இருக்கிறார்? நான் ஒரு சிடியைப் போட்டுக்கொண்டு இருக்கிறதே? எங்கையாவது றோட்டிலை, நான் நினைச்சும் பாக்காத நேரத்திலை, அண்ணன்ரை குரல் ஒருக்கா வந்தாப் போதும்."

லிங்கேஸ்வரன் இடித்த தலையைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனான். தோசை மூன்று பொட்டலத்தோடு திரும்பி வந்தான். விக்ரோறியா காலடியில் பார்த்தாள். காலையில் முன்னுக்கு இழுத்த சீட், அத்தனை பள்ளத்திலும் ஓர் அங்குலம் அசையாமல் அப்படியே இருந்தது. ஏர்னஸ்ட் அவளை ஓட்டவிட்டுவிட்டுப் பாடுவதற்கு மட்டும் வந்திருந்தான்.

"அனுப்பு," என்றாள்.

கிளைவ் திரும்பிப் பார்த்தான்.

"அனுப்பெண்டுறன். பிறகு மனம் மாறிடும்."

சனிக்கிழமைக்கு அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. நிகழ்ச்சி நேரத்தில் வேனுக்குள் போய் உட்கார்ந்துவிடுவது. ஆக்லாந்து முழுக்கத் தேடினாலும் அந்த ஸ்டேஷன் எட்டாத ஒரே இடம் அந்த வேன்தான். தொண்ணூறுக்கு மேல் ஏறாத ரேடியோ. கோயில்கூட அவ்வளவு பத்திரமில்லை, பாட்டுக்குழுவில் யாராவது போனில் போட்டுவிடுவார்கள்.

ஆனால் காலையில் பால் இல்லை. நிகழ்ச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று பாபடோயிட்டோயில் வழக்கமான டெய்ரி என்கிற மூலைக்கடைக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். குஜராத்திக் கடைக்காரர் பட்டேலுக்குக் கிரிக்கெட் தவிர வேறு எதிலும் பற்றுக் கிடையாது. அன்றைக்கு மட்டும் ரேடியோவில் பாட்டு வைத்திருந்தார். பாலைக் கல்லாவில் வைத்து அவள் பர்ஸைத் திறந்தபோது வானொலிக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னமே, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஏர்னஸ்ட் கூப்பிட்டான்.

கதவைச் சாத்திப்போட்டு வா.

பட்டேலின் விரல் கல்லாவில் தாளம் போட ஆரம்பித்தது. ரொட்டி வாங்க வந்த சமோவாக்காரி இடுப்பை ஒரு தரம் அசைத்துவிட்டுத் தன்பாட்டில் நின்றாள். ஐஸ்கிரீம் பெட்டி நடுங்கியது, மேலே தொங்கிய லோட்டோ பலகை ஆடியது. அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்த விநாயகர்கூடக் காலை மாற்றிப் போட்டிருப்பார். விக்ரோறியாவுக்கு மட்டும் கால் நகரவில்லை. பிறகு நகர்ந்தது. வாசலுக்கு வந்தாள். பழக்கதோஷம், கடைக்கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்தினேனா என்று இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள். வேனை நோக்கி ஓடினாள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சற்று முன்னால் பெடலோடு ஒட்டினாற்போல் அவள் இழுத்துவைத்த சீட், பின்னுக்குப் போய்ச் சாய்ந்திருந்தது, நெடுவலான ஓர் ஆள் கால் நீட்டி உட்காருகிற தூரத்தில்.

இழுக்கக் கையைக் கொண்டுபோனாள், எடுத்துக்கொண்டாள். அந்தக் கதவை மெதுவாக மூடினாள். வேனைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, இத்தனை மாதமும் யாரும் உட்காராத தன் பழைய சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

சாவி அவள் கையில்தான் இருந்தது. சாவி போடாத வேனில் எப்படி என்று கேட்டால் பதில் கிடையாது. தொண்ணூறுக்கு மேல் ஏறாத ரேடியோவில், கடைக்குள் விட்ட அடியிலிருந்து அடுத்த அடியை எடுத்து, ஏர்னஸ்ட் பாடிக்கொண்டிருந்தான். ஜப்பான் அக்கா வாய் திறக்கவில்லை.

பட்டேல் அவள் மறந்துபோன பாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். வெறுமையாகக் கிடந்த ஓட்டுநர் சீட்டைப் பார்த்தார், பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்த்தார். யார் ஓட்டப்போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பாட்டு முடியட்டும்," என்றாள் அவள், தமிழில்.

அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார். கடைக்குத் திரும்பிப் போகாமல், தூறத் தொடங்கிய மழையில் அங்கேயே நின்றார். அவருடைய விரல்கள் வேனின் கூரையில், தவறாமல், லிங்கேஸ்வரனின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.