பார்க்காத ஆளுக்கு ஒரு மருந்துத் துண்டு

"நான் பாக்காத ஆளுக்கு மருந்து எழுத ஏலாதுன்னு எத்தன தரம் சொல்ற..."

"ஒரே ஒரு மருந்துத் துண்டுங்க டாக்டரம்மா, தங்கச்சி இங்க வர தோட்டத்துல லீவு குடுக்க மாட்டேங்குறாங்க..."

"கையெழுத்துப் போட்டா பொறுப்பு என்ட தலையில!"

றக்வானை டவுனில் டாக்டர் நுஸ்ஹாவின் சின்ன டிஸ்பென்சரி அது. எதிரே நின்ற ஜெயமாலா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். தோட்டத்து லயத்தில் அவளது அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் தங்கை வசந்தமலருக்கும் அவளைப் போலவே பிரஷர். இருவருக்குமே குளிசை நேற்றோடு முடிந்துவிட்டது.

"அவவுக்கு முதல்ல எழுதினது யாரு?"

ஜெயமாலா முந்தானையைத் திருகினாள். "யாரும் எழுதலைங்க. எனக்கு நீங்க தந்ததுல பாதிய நான்தான் குடுத்தேன். லயத்துல அப்படித்தாங்க, சீனி, மாவு, குளிசைன்னு எல்லாத்தையும் பங்கு போட்டுக்குவோம்."

"யா அல்லாஹ்! உங்கட பிரஷர் குறையல்லன்னு போன மாசம் ரெண்டு மடங்கா கூட்டி எழுதினேனே. பாதியத்தான் குடிக்கிறீங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"நீங்க கேக்கலைங்களே."

டாக்டர் ஜெயமாலாவுக்கான புதுத் துண்டை எடுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "சரி. நாளைக்கே தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க. பாத்திட்டு எழுதுறேன்."

"அவ பஸ்ஸுல ஏறினாலே வாந்தி எடுக்குறா, டாக்டரம்மா. இது மூணாவது மாசம்."

துண்டில் தேதி எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டர், ஜெயமாலாவின் வெற்றுக் குளிசை அட்டையை எடுத்து, அதிலிருந்த மருந்தின் பெயரை வாசித்தார். கர்ப்பிணிகளுக்கு அவர் ஒருநாளும் எழுதாத குளிசை அது.

அவர் முகத்தையே பார்த்திருந்த ஜெயமாலா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுங்களே?"