நவம்பர் மாத எண்ணிக்கை

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள் எல்லாவற்றையும் நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. எந்தச் சொல்லைத் தேடினாலும் அது வரும் பக்கங்கள் கிடைக்கும். அக்டோபர் கடைசியில் ஒரு மதியம், ஆள் இல்லாத நேரத்தில், அதில் என்னுடன் நூலகத்தில் வேலை செய்யும் பிலியானாவின் பெயரைத் தேடினேன். அறுபத்து மூன்று ஆய்வேடுகள். எல்லாமே நன்றியுரைப் பக்கங்கள். ‘பிலியானா அக்கா இல்லையென்றால் மூன்றாம் அத்தியாயம் இல்லை.’ ‘என் அம்மாவுக்கும் பிலியானா அக்காவுக்கும்.’

பிறகு என் பெயரைத் தேடினேன். ஒன்று. அது நான் எழுதிய முதுகலை ஆய்வேட்டின் அட்டை.

பக்கத்தை மூடினேன். தேடிய தடத்தையும் அழித்தேன்.

வாசிப்பு அறையில் எங்கள் மேசைகள் எதிரெதிராக இருக்கின்றன. அவளுக்குச் சட்டம், வரலாறு, இலக்கியம். எனக்கு அறிவியல். நான் வேதியியல் படித்தவள். ஒரு சேர்மத்தின் அமைப்பை வரைந்து கொடுத்தால், உலகத்தில் அதை யார், எப்போது, எந்த வெப்பநிலையில் செய்தார்கள் என்று சொல்லும் தரவுத்தளம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் தேடுவதற்கு இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிலியானா தேடல் கட்டத்தில் முழு வாக்கியம் எழுதுவாள். கடைசியில் கேள்விக்குறி வேறு போடுவாள். ஆனாலும் வரிசை நிற்பது அவள் மேசை முன்னால்தான்.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாணவர்களுக்கு அவள் அக்கா. நான் மேடம்.

தேர்வுக் குழு முன் ஆய்வேட்டை வாதாடி முடித்த கையோடு மாணவர்கள் சாக்லேட் பெட்டியுடன் வருவார்கள். எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பது அவள் மேசையில். அவள் மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டுவாள்.

“எடுத்துக்கோ ஸ்விலே. வெக்கப்படாதே. ஓரத்துல இருக்கிறதுலதான் கொட்டை இருக்கு.”

ஒன்று எடுத்துக்கொள்வேன். ஓரத்தில் இருப்பதை அல்ல.

நவம்பர் முதல் தேதி விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, இயக்குநர் ஸ்டாமெனோவா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“அடுத்த வருஷம் ரெண்டுல ஒண்ணுக்குத்தான் சந்தா. ஸ்விலேனாவோட வேதியியலா, பிலியானாவோட பழைய செய்தித்தாளா. எங்கிட்ட வந்து ஆளாளுக்கு அழாதீங்க. இந்த மாசம் எதை ஜனங்க அதிகமாத் திறக்கிறாங்கன்னு பாப்போம். எண்ணிக்கை சொல்லட்டும்.”

“வேதியியல் போச்சுன்னா?” என்று கேட்டேன். இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை.

“போச்சுன்னா தனி மேசை எதுக்கும்மா? ஒண்ணாக்கிடலாம். பிலியானா பாத்துக்குவா. நீ அவளுக்கு ஒத்தாசையா இரு.”

ஒத்தாசை. அன்று முழுவதும் அந்தச் சொல் என்னுடனேயே இருந்தது.

இரண்டு தரவுத்தளங்களும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்துடையவை. எத்தனை பக்கம் திறக்கப்பட்டது என்ற கணக்கை அவர்களே தினமும் காட்டுவார்கள். காலையில் மேலங்கியைக் கழற்றும் முன்பே அதைப் பார்ப்பேன். பதினோராம் தேதி, பல்கேரியாவின் பழைய செய்தித்தாள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. வேதியியல் தொண்ணூற்றேழு.

ஏன் என்பதும் கண்ணெதிரே நடந்தது. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏம்மா, பழைய பேப்பர்லாம் கம்ப்யூட்டர்ல இருக்காமே. எங்க தெருக்காரன் அவன் தாத்தா முப்பத்தாறுல கோல்கீப்பரா இருந்தாருங்கிறான். பெஞ்சுல உக்காந்து குடை பிடிச்சவருங்கிறேன் நான்.”

“வாங்க, பாத்துடுவோம். கார்டு இருக்கா?”

“வீட்டுல இருக்கு.”

“எல்லாருக்கும் வீட்டுலதான் இருக்கு. சரி, என் கார்டுல திறந்துவிடுறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

அறை முழுவதும் கேட்கும்படி சொன்னாள். வாசகர்களுக்கான கணினிகளை நூலக அட்டை தேய்த்தால்தான் திறக்க முடியும். ஊழியர் தன் அட்டையை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. அவள் ஒரு நாளைக்கு நான்கு பேருக்காவது கொடுப்பாள். லாரி ஓட்டுநர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அறுபது பக்கம் திறந்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்.

“கோல்கீப்பர்தான்! ஆனா ஒம்பது கோல் விட்டிருக்கான்!”

எல்லோரும் சிரித்தார்கள். பிலியானா விதிப்படி தின்னக் கூடாத சூரியகாந்தி விதையை அவருக்கும் கைநிறையக் கொடுத்தாள். நான் அறுபதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் யாவோர் வந்தான். வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவன். என் மேசையைத் தாண்டி அவளிடம் போனான்.

“அக்கா, ஒரு சேர்மம் தேடணும்.”

“எனக்கு ஆக்சிஜனே அளவாத்தான் தெரியும் ராசா. அங்க ஸ்விலேனா இருக்காளே.”

அவன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்திய குரல் அந்த அறையில் நன்றாகக் கேட்கும்.

“அவங்களைப் பாத்தா பயமா இருக்குக்கா. ஒண்ணு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க.”

நான் முகத்தைத் திருப்புவது கூச்சத்தால். யாராவது பேச வந்தால் காது சூடாகிவிடும். ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன். அது பயமுறுத்தும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அவனுக்கு அன்று நான்தான் தேடிக் கொடுத்தேன். அச்செடுத்த தாள்களை அவள் மேசையிலேயே உட்கார்ந்து படித்தான்.

அந்த வாரம்தான் நானே திறக்கத் தொடங்கினேன். ஊழியர் கணினிகளில் திறப்பது கணக்கில் சேராது. அதனால் பிலியானா சாப்பிடக் கீழே போகும் நேரம் பார்த்து, தூணுக்குப் பின்னால் இருக்கும் ஏழாவது கணினியில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் இருபது பக்கம். அடுத்த நாள் முப்பத்தைந்து. கையால் திறப்பது நேரத்தைத் தின்றது. செய்தித்தாள்கள் எழுநூறைத் தாண்டியிருந்தன. மூன்று மாலைகள் வீட்டில் உட்கார்ந்து ஒரு சிறு நிரல் எழுதினேன். அது வரிசையாகச் சேர்மங்களின் எண்களை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து மூடும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி வைத்தேன். ஒரு மனிதர் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இருபதாம் தேதி, வியாழக்கிழமை. ஏழாவது கணினி ஏற்கெனவே திறந்திருந்தது. காலையில் யாரோ மூடாமல் போயிருந்தார்கள். என் அட்டையைத் தேய்க்க வேண்டியதில்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பென் டிரைவைச் செருகிவிட்டு, ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். ஆயிரத்து எழுநூறு பக்கம். வேதியியல் செய்தித்தாள்களைத் தாண்டிய கணத்தில் யாரும் பார்க்காத அந்த மூலையில் எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு மணிக்கு எல்லாத் திரையிலும் ஒரே வெள்ளைப் பக்கம். ‘தானியங்கிப் பதிவிறக்கம் காரணமாக உங்கள் பல்கலைக்கழகத்துக்கான அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது.’ வேதியியல் மட்டுமல்ல. செய்தித்தாள்களும் போயின. எல்லாத் துறைகளுக்கும்.

அரை மணி நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். வேதியியல் துறையிலிருந்து, மருந்தியலிலிருந்து, மண்ணியலிலிருந்து. என் மேசை முன்னால்.

“என்ன மேடம் இது, யாரு வேலை?”

“எவனோ மொத்தமா உருவியிருக்கான். கையில கிடைச்சா அவனை…”

“மேடம்,” என்றான் யாவோர். முகம் வெளுத்திருந்தது. “திங்கக்கிழமை துறையில என் சேர்மத்தைப் பத்திப் பேசணும். முன்னாடியே யாராவது செஞ்சிருக்காங்களான்னு கடைசியா ஒரு தடவை பாக்கணும். பாக்காமப் போய் நின்னா என்னைப் பிச்சுடுவாங்க.”

அவர்களை எண்ணினேன். ஒன்பது பேர். என் மேசை முன்னால் வரிசை நின்று நான் பார்த்ததே இல்லை. எதிரே பிலியானா தனியாக உட்கார்ந்திருந்தாள். வெட்கக்கேடுதான், ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்று மணிக்கு இயக்குநர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நிறுவனத்தின் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார்.

“யாரு செஞ்சாங்க, நாம என்ன நடவடிக்கை எடுத்தோம்னு எழுதிக் குடுத்தாத்தான் திறப்பாங்களாம். ஏழாவது கணினி. பன்னண்டு இருபதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும்.” கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “திறந்திருக்கிறது உன் கார்டு, பிலியானா.”

மூடாமல் கிடந்தது அவள் அட்டையில் திறந்த கணினி என்று அப்போதுதான் புரிந்தது.

“நானா? மேடம், சம்பளச் சீட்டைத் திறக்கவே நான் ஆள் கூப்பிடுவேன்.”

“அப்ப யாரு?”

பிலியானா யோசித்தாள். உள்ளங்கையில் இருந்த விதைத் தோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“காலையில நாலு பேருக்குத் திறந்துவிட்டேன். அதுல எவனோ விளையாட்டுத்தனமாப் பண்ணியிருப்பான்.”

“பேரைச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன். பாவம், ஒருத்தனுக்கு ஆய்வேடு முடியுற நேரம். வெளியே அனுப்பிடுவாங்க. கார்டு என்னது, தப்பும் என்னது. என் பேரை எழுதிக்கோங்க.”

“எழுத்துல கண்டனம் வரும். உன் கோப்புல ஏறும். தெரியுதா?”

“ஏறட்டும்.”

நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு நேரம் இருந்தது. பிறகு இயக்குநர் அவளைப் பார்த்த பார்வையைக் கவனித்தேன். கோபம்தான். ஆனால் அடியில் வேறொன்றும் இருந்தது. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நாளைக்குள் இது எல்லா மாணவர்களுக்கும் தெரிந்துவிடும். நமக்காக அக்கா பழியை ஏற்றுக்கொண்டாள் என்று பேசுவார்கள். வருடக்கணக்காகப் பேசுவார்கள்.

அந்த நிரல் மூன்று மாலை வேலை. ஒரு பிழை இல்லை. என் வாழ்க்கையில் நான் துணிந்து செய்த ஒரே காரியம் அது. அதுவும் அவள் பெயரில் போய்ச் சேரப் போகிறது.

“அது நான்,” என்றேன்.

“என்னம்மா?”

“நான்தான் மேடம். நிரல் எழுதினேன். பென் டிரைவ் என் பையில இருக்கு.”

இம்முறை முதல் தடவையே கேட்டிருந்தது. அவர் நம்பாமல் திரும்பக் கேட்டார், அவ்வளவுதான்.

“எதுக்கு?”

“எண்ணிக்கைக்கு.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அப்ப நீ திறந்ததைக் கழிச்சா வேதியியல் எவ்வளவு?”

“நூத்தி நாப்பத்து மூணு.”

“நீயே சொல்லிட்டே. ஜனவரியிலேர்ந்து உனக்குத் தனி மேசை கிடையாது. கண்டனமும் உன் கோப்புலதான். உக்காரு, அவங்களுக்குப் பதில் எழுது.”

அவருடைய கணினியிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஒன்பது வரிகள். நேரம், பக்கங்களின் எண்ணிக்கை, முறை, எல்லாம் துல்லியமாக. கீழே முழுப் பெயர்: ஸ்விலேனா கராஜோவா. அனுப்பும் முன் அதை ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்துவிட்டார்கள். யாவோர் வாசலிலேயே காத்திருந்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது, பார்வையிலேயே தெரிந்தது. இருந்தாலும் என் மேசைக்குத்தான் வந்தான், வேறு வழியில்லை. அவன் சேர்மத்தை வரைந்து தேடினேன். அதற்கு நெருங்கியவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். பழைய ஜெர்மன், ரஷ்யக் கட்டுரைகள்வரை போனேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

“யாரும் செய்யலை,” என்றேன். “நீங்கதான் முதல்.”

“ரொம்ப நன்றி மேடம்,” என்றான். அடுத்த நொடி நாற்காலியைச் சுற்றித் திருப்பினான். “அக்கா! யாரும் செய்யலையாம்! நான்தான் முதல்!”

பிலியானா எழுந்து வந்து அவன் தலையைக் கலைத்துவிட்டாள். நான் திரையில் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மூடினேன்.

பன்னிரண்டரைக்குத் தாழ்வாரத்தில் காப்பி இயந்திரத்தின் முன் நாங்கள் இருவர் மட்டும். முந்தின நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்ற இயந்திரத்தை முழங்கையால் இடித்தாள்.

“உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா ஸ்விலே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தினம் பத்துப் பசங்களை உன் மேசைக்குத் துரத்தியிருப்பேனே.”

“துரத்தினாலும் வர மாட்டாங்க.”

“ஆமா, பின்ன? நீ மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டா? ஊறுகாய் ஜாடியில விழுந்தவ மாதிரி.” சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, அடக்கிக்கொண்டாள். “அங்க உள்ள நான் எவனோ ஒரு பையனைக் காப்பாத்துறேன்னு நினைச்சுப் பேசிட்டிருக்கேன். நீ பக்கத்துலயே நிக்கிறே.”

“நான்தான்னு தெரிஞ்சிருந்தா?”

கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். திருப்பிக்கொள்ளவில்லை. மாட்டிவிட்டிருப்பேன் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்றிருந்தது.

அவள் சர்க்கரை இல்லாத காப்பியை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் சர்க்கரை போடுவதில்லை என்று அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

“தெரிஞ்சிருந்தாலும் அதைத்தான்டி சொல்லியிருப்பேன்,” என்றாள். தன் கோப்பைக்காக மறுபடி இயந்திரத்தை இடிக்கப் போனாள்.

மாட்டிவிட்டிருப்பேன் என்று அவள் சொல்லியிருந்தால், அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்துப் போயிருக்கும்.