மடக்கு சைக்கிளின் கூடுதல் கிலோமீட்டர்

செப்டம்பர் முப்பதாம் தேதி சாயங்காலம் கமலக்கண்ணன் கீழே இறங்கிப்போய் தன் நான்கு சைக்கிள்களின் மீட்டரையும் பார்த்துவிட்டு வந்தார். மூன்று சரியாக இருந்தன. நான்காவது, அந்தச் சின்னச் சக்கர மடக்கு சைக்கிள், அவர் ஓட்டியதைவிடத் தொண்ணூறு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருந்தது.

ஒன்று இரண்டு என்றால் விட்டிருப்பார். தொண்ணூறு என்றால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய், திரும்பி வந்து, வீட்டை நெருங்கும் தூரம். மறுபடியும் இறங்கிப்போய்ப் பார்த்தார். அதே எண்தான்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினெட்டு வருடமாக ஓசூரில் இருக்கிறார். வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் காலிபரேஷன் பிரிவு. மற்றவர்கள் அளக்கிற கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சோதிப்பது வேலை. நாற்பது வயதில் டாக்டர் பயமுறுத்தியதும் சைக்கிள் வாங்கினார். ஒன்று நான்காகிவிட்டது. எந்த வண்டி வருடத்தில் எவ்வளவு தூரம் ஓடியது என்று கணக்கு வைத்து, டிசம்பர் கடைசி நாளில் சைக்கிள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். தினசரி தூரத்தை போன் பார்த்துக்கொள்ளும். வண்டியிலிருக்கும் மீட்டரை மாதக் கடைசியில்தான் பார்ப்பார், போன் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று. ஏழு வருடத்தில் ஒருமுறையும் இப்படி இடித்ததில்லை.

அப்படியானால் யாரோ வண்டியை எடுக்கிறார்கள்.

மடக்கு சைக்கிளைக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கும் மார்க்கெட்டுக்கும்தான் எடுப்பார். பாகலூர் ரோட்டுப் பக்கம் அவர்கள் குடியிருக்கும் மாடிவீட்டின் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தில், முன்சக்கரத்தில் பூட்டு போட்டு நிற்கும். சாவி மாடியில் வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்த ஆணிக்குக் கை நீட்டக்கூடியவர்கள் மூன்றே பேர். அவர், மனைவி நிர்மலா, நிர்மலாவின் தம்பி கௌதம்.

முதலில் கீழ்வீட்டுக்காரரான ஓனர் வெங்கடப்பனைக் கேட்டார். நிலத்தை விற்று மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்த மனிதர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், குடித்தனக்காரர்களிடம் தமிழ்.

“என் சைக்கிள யாராச்சும் ஓட்டுறாங்களா, பாத்தீங்களா?”

“நான் பாக்கலியே சார். நாலு வச்சிருக்கீங்க, ஒண்ணுலதான் போறீங்க. யாராச்சும் ஓட்டுனா நல்லதுதான?” என்று சிரித்தார் வெங்கடப்பன்.

கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. மாடியேறி நிர்மலாவிடம் கேட்டார்.

“எனக்கு ஓட்டவே தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் அவள், ரோஜா ஏற்றுமதி ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு.

மிச்சம் கௌதம்தான்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஜூலையில் வந்தவன். இருபத்தாறு வயது. டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. மகள் காவியா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதால் காலியாக இருந்த அறையில் தங்கியிருந்தான். இரண்டாவது ஷிப்ட். காலையில் அக்காவும் மாமாவும் கிளம்பிவிட்டால் மத்தியானம் வரை வீட்டில் அவன் ராஜ்ஜியம்தான். இதுவரை கமலக்கண்ணன் அதை யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்க ஆரம்பித்ததும் அவன் செய்வதெல்லாம் கண்ணை உறுத்தியது. பேன்ட்டின் கணுக்காலில் கறுப்பாய் ஒரு கறை. அது மிஷின் ஆயிலா, செயின் கிரீஸா? போன் வந்தால் மொட்டை மாடிக்கு ஏன் போகிறான்? முன்பெல்லாம் ஒன்பது மணிவரை தூங்கியவன் ஏன் ஏழு மணிக்கே எழுந்து குளிக்கிறான்?

வெள்ளிக்கிழமை காலையில் யாரும் பார்க்காதபோது மடக்கு சைக்கிளின் பின்சக்கரத்தில், தரையைத் தொடும் இடத்தில், சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். தரையிலும் அதற்கு நேராக ஒன்று. அன்றைக்கு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போனார். சாயங்காலம் வந்து குனிந்து பார்த்தார். டயரில் இருந்த கோடு மேலே ஏறியிருந்தது. தரையில் போட்ட கோட்டைக் காணவே காணோம்.

அழித்தும் விட்டான்! கமலக்கண்ணனுக்கு உடம்பு சூடானது. அன்றிரவு கௌதம் சாப்பிட உட்கார்ந்து, “ரசம் சூப்பர்க்கா” என்றபோது, எவ்வளவு சாதாரணமாக இருக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. நான்கு சைக்கிளையும் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கௌதம் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தான். மடக்கு சைக்கிளுக்கு வந்ததும், பொட்டு வைக்க வாகாக, அதன் கொக்கியை ஒரே தட்டில் விடுவித்து ஹேண்டில்பாரை மடக்கினான். கடைக்காரர் சொல்லிக்கொடுத்தும் அந்தக் கொக்கி கமலக்கண்ணனுக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது.

“இத மடக்கத் தெரியுமா உனக்கு?”

“பாத்திருக்கேன்ல மாமா.”

“பாத்தியா, ஓட்டுனியா?”

கௌதமின் கை நின்றது. முகம் ஒரு கணம் மாறியது. கமலக்கண்ணனுக்கு அது போதும்.

“தொண்ணூறு கிலோமீட்டர். அத்தனை தூரம் எங்க போன? கேட்டா குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்? எதுக்கு இந்த ஒளிவு மறைவு?”

“தொண்ணூறா? நான் எதுக்கு மாமா அவ்வளவு தூரம்...”

“கோடு போட்டு வச்சேன். அதையும் அழிச்சிருக்க.”

நிர்மலா பொரித் தட்டைக் கீழே வைத்தாள். “கோடா? என் தம்பிய மாட்டிவிடக் கோடு போட்டீங்களா?”

கௌதம் எழுந்து கையில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்துக்கொண்டான். பூசணிக்காய் உடைக்கும்வரை நின்றான், கற்பூரம் ஒற்றிக்கொண்டான். மறுநாள் காலை அவர்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பும் முன்னாலேயே பையோடு வெளியே வந்தான். சிப்காட் பக்கம் கூட வேலை செய்பவர்களோடு ரூம் கிடைத்திருப்பதாக அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

நிர்மலா சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கமலக்கண்ணனுக்கு மனம் கனத்தது. இருந்தாலும் நியாயம் தன் பக்கம் என்ற தெம்பு இருந்தது. அக்டோபர் முடிந்து பார்த்தபோது மீட்டர் மறுபடியும் கூடுதலாகக் காட்டியது. பூஜைக்கு முந்தி ஓட்டியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் ஒரு சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டால் சும்மா படுத்துக்கிடக்காது. கௌதம் போன பிறகும் பகலில் வந்து போகிறானோ? நிர்மலாவே சாவியை எடுத்துக் கொடுக்கிறாளோ? அவளுக்குத்தான் இப்போது தன்மேல் வன்மம் இருக்கிறதே. நவம்பர் முதல் தேதி ஆணியிலிருந்து சாவியைக் கழற்றித் தன் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டார். நிர்மலா வெறும் ஆணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மாதம் முழுக்க சாவி அவரோடே இருந்தது. தூங்கும்போதுகூட தலையணைக்குக் கீழே. நவம்பர் கடைசியில் மீட்டரைப் பார்த்தார். அவர் ஓட்டியது நூறு கிலோமீட்டர். மீட்டர் சொன்னது நூற்று நாற்பத்து மூன்று.

படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தே நிர்மலாவுக்கு விளங்கிவிட்டது.

“இப்பவும் கூட ஓடியிருக்கா?”

“ம்.”

“சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

அவர் பேன்ட் பையிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“அப்ப திருடன் நீங்கதான்” என்றாள் அவள். சத்தம் போடாமல் சொன்னாள். அதுதான் சுட்டது.

அந்த உட்கார்ந்த இருப்பிலேயே அவருக்கு ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் கடைசியில் மடக்கு சைக்கிளின் மீட்டரில் பேட்டரி தீர்ந்து புது பேட்டரி போட்டார். போட்டதும் அதிலிருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. பழைய மொத்தக் கிலோமீட்டரைப் பத்திரமாகத் திருப்பி ஏற்றினார். சக்கரத்தின் சுற்றளவை ஏற்றினோமா?

டேப்பை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். டயரில் ஒரு குறி போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்தார். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் போனது. பேட்டரி மாற்றியதும் மீட்டருக்குள் தானாகப் பதிந்திருந்த அளவு இரண்டு மீட்டருக்கும் மேல். பெரிய சைக்கிளின் சக்கரம் என்று நினைத்துக்கொண்டு அது மூன்று மாதமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனியில் அடுத்தவர் கொண்டுவரும் வெர்னியர் அளவுகோலில் சோதனைத் தேதி ஒருநாள் தாண்டியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர் அவர்.

தண்ணீர்க் குழாயோடு வந்த வெங்கடப்பன், தரையில் குந்தியிருந்தவரை வேடிக்கை பார்த்தார். “என்ன சார் கோடு கோடா போடறீங்க? அன்னைக்கும் ஒண்ணு பாத்தேன், யாரோ கிறுக்கி வச்சிருக்காங்கன்னு அலம்பி விட்டேன்.”

“வண்டிய நகத்துனீங்களா?”

“நகத்தாம எப்படி சார் கழுவுறது? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை முன்பக்கத்தத் தூக்கித் தள்ளி வச்சிட்டுத்தான் கழுவுறேன். நீங்க ஓட்டுனாங்களான்னுதான கேட்டீங்க?”

ராத்திரி உட்கார்ந்து சரியான சுற்றளவை வைத்துப் பழைய மாதங்களையும் போட்டுப் பார்த்தார். நவம்பர் ஒத்துப்போனது. அக்டோபரும். செப்டம்பரில் மட்டும் இருபது கிலோமீட்டர் சொச்சம் நின்றது. எப்படிப் போட்டாலும் அது போகவில்லை. அவருக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. தொண்ணூறில் எழுபது தன் தப்பு என்று தெரிந்த பிறகும் மனம் அந்த இருபதைத்தான் நிமிண்டியது.

மறுநாள் வேலை முடிந்து கௌதமின் ரூமைத் தேடிப் போனார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே அறையில் நான்கு பாய். அன்றைக்கு அவனுக்கு வார விடுமுறை. வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

“தப்பு என்னுது மாப்ள. மீட்டர்ல அளவு தப்பா இருந்துச்சு. நான்தான் சரியா வைக்கல. உன்னையப் போய் சந்தேகப்பட்டுட்டேன்.” வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததுதான்.

கௌதம் கையிலிருந்த சட்டையைப் பிழிந்து வாளியில் போட்டான். “ஒருதடவ எடுத்தேன் மாமா” என்றான்.

“ம்?”

“செப்டம்பர்ல. அத்திப்பள்ளில ஒரு கம்பெனி, பர்மனென்ட் வேலைன்னு சொன்னாங்க. இன்டர்வியூவுக்கு நேரமாச்சு, ஜுஜுவாடிகிட்ட ஒரே ஜாம், பஸ் நகரலன்னாங்க. சைக்கிள்னா ஓரமா பூந்து போயிரலாம்னு எடுத்துட்டுப் போனேன். வேலை கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன். கிடைக்கல. அப்பறம் எதச் சொல்றது?”

அத்திப்பள்ளி போய் வந்தால் இருபது சொச்சம். கமலக்கண்ணனுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இறங்கி உட்கார்ந்தது. எல்லாம் பொருந்திவிட்டது! ஒரு நிமிஷம், மன்னிப்புக் கேட்க வந்ததே மறந்து, மனம் குளிர்ந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“கணக்கு சரியாப்போச்சா மாமா?” என்று கேட்டான் கௌதம்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டான். கமலக்கண்ணனுக்கு நின்ற இடத்திலேயே கூசியது. வேலை கிடைக்காமல் வெயிலில் சைக்கிள் மிதித்துத் திரும்பியவனை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. “வீட்டுக்கு வா கௌதம். அக்கா தவிக்குது” என்றார்.

“பாக்கலாம் மாமா.”

அவன் வந்தான், ஆனால் அவர் இல்லாதபோது. டிசம்பரில், அவர் சைக்கிளில் தூரமாகப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், “எத்தன மணிக்குக் கிளம்புறீங்க, எப்ப வருவீங்க?” என்று நிர்மலா கேட்க ஆரம்பித்தாள். ஏழு வருடத்தில் கேட்டதில்லை. திரும்பி வந்தால் தொட்டியில் ஒரு தட்டு கூடுதலாகக் கிடக்கும். பழைய கமலக்கண்ணனாக இருந்தால் அந்தத் தட்டை வைத்தே ஒரு விசாரணை நடத்தியிருப்பார். இப்போது அக்காவும் தம்பியும் நிதானமாகப் பேசட்டும் என்று வேண்டுமென்றே சுற்றினார். ஒரு வாரம் கெலமங்கலம், ஒரு வாரம் தேன்கனிக்கோட்டை. வருடத்திலேயே அதிகமாக ஓட்டியது அந்த மாதத்தில்தான். குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். அவர் பதில் போடவில்லை.

ஜனவரி முதல் ஞாயிறு சூளகிரிப் பக்கம் போனவருக்கு டயர் கிழிந்துவிட்டது. ஒரு மினி லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கே வீடு வந்து சேர்ந்தார். மாடிப்படியில் கௌதமின் செருப்பு கிடந்தது. மேலே அவனும் நிர்மலாவும் எதற்கோ சிரிப்பது கேட்டது. நிர்மலா அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

படியில் வைத்த காலை எடுத்துவிட்டு, கீழே சுவரோரமாகச் சைக்கிளைச் சாய்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தால் வரட்டும், சிரித்தால் சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து கௌதம் இறங்கி வந்தான். அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டான்.

“எப்ப வந்தீங்க மாமா? இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?”

“இப்பதான்” என்று பொய் சொன்னார்.

கௌதம் கிழிந்த டயரைப் பார்த்தான். அவர் சட்டையில் காய்ந்துபோயிருந்த வேர்வையையும் பார்த்தான். புரிந்துகொண்டான் போலிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே, “மேல போங்க. அக்கா இட்லி மூடி வச்சிருக்கு” என்றான்.

“நீ?”

“எனக்கு ஷிப்ட் இருக்கு.” கேட் வரை போனவன் திரும்பினான். “அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன் மாமா. எங்கயும் போயிராதீங்க. வீட்ல இருங்க.”

கமலக்கண்ணன் தலையாட்டினார். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படியேறினார்.