பெர்மனெண்ட் ஆக ஒன்பது நாள்

பெர்மனெண்ட் என்றால் நிலையானது என்று அகராதியில் போட்டிருப்பான். எங்கள் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். மேகமலையைக்கூட யாரும் பெர்மனெண்ட் என்று சொல்ல மாட்டார்கள். பெண் கேட்கப் போனால்தான் அந்த வார்த்தை வெளியே வரும். "பையன் பெர்மனெண்டா?" அவ்வளவுதான் அதன் உபயோகம்.

2004இல் தேவாரம் ஊர்க்காரர் நல்லகண்ணு என்னிடமும் அதைத்தான் கேட்டார். அவர் மகள் கயலைக் கட்டிக்கொள்ள எனக்கு உயிர்போகிற ஆசை. அவளுக்கும்தான். "ஆர்டரைக் காட்டுங்க மாப்ள, அன்னைக்கே தேதி குறிச்சிருவோம்" என்றார்.

நான் தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் தற்காலிகம். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் பெர்மனெண்ட் ஆக்கியே தீர வேண்டும், அது சட்டம். அதனாலேயே நானூற்று ஐம்பதில் நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் புது வேலை அட்டை கொடுத்து, புது ஆள் மாதிரி மறுபடி எடுப்பார்கள். என்னை இரண்டு தடவை அப்படிச் செய்தான்கள், பாவிகள்! இந்தத் தடவை சூப்பர்வைசர் புதுசு, கவனிக்கவில்லை. காய்ச்சலோடுகூட வேலைக்கு ஓடினேன். நானூற்று எழுபத்தோரு நாள் ஆகிவிட்டது. மில்லில் மூச்சு விடவில்லை, வீட்டில் மட்டும் சொன்னேன்.

என் ஆத்தா அக்கம்மாள் சும்மா இருப்பாளா? நல்ல காரியம் என்றால் மேலதிகாரியை முதலில் அழைக்காவிட்டால் மரியாதைக் குறைச்சலாம். வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பூவன்பழமுமாகச் சூப்பர்வைசர் வீட்டுக்கே போய்விட்டாள். திரும்பி வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்:

"இன்னும் ஒம்போது நாள்ல எம்மகன் பெர்மனெண்டு, கல்யாணத்துக்கு நீங்கதான் முன்ன நிக்கணும்னு சொன்னேன்யா. எத்தன நாளுன்னு ரெண்டு தடவ கேட்டாக. தங்கமான மனுசன்!"

மறுநாள் மில் கேட்டிலேயே என் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஏன் என்று ஆத்தாளுக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

நல்லகண்ணு இரண்டு மாதம் பொறுத்தார். ஆவணியில் கயலைக் கம்பத்தில் ஒரு கரண்ட் ஆபீஸ்காரனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். அவன் பெர்மனெண்ட்.

கயல் கழுத்தில் தாலி ஏறிய அன்று அந்தச் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு ஏது துப்பு? புது அட்டை கிடைக்குமா என்று அவனைக் கும்பிட்டுவிட்டு வந்து, சோறு போட்டுக்கொண்டிருந்த ஆத்தாளிடம் கத்தினேன்.

"நீ போயி நாளைச் சொன்னதாலதான் எல்லாம் போச்சு!"

கரண்டி அவள் கையிலேயே நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் வேணா திரும்பப் போயி, தப்பாச் சொல்லிட்டேன்னு அவுக கால்ல விழுகட்டுமாய்யா?" என்றாள்.