ஆரோக்கியமேரியின் வேகம்

காலை ஐந்தரைக்கே சைதாப்பேட்டை ஷெட்டில் அட்டைத்தூசி மூக்கை அடைக்கும். எட்டுப் பெண்கள் நின்றபடியே வேலை பார்த்தார்கள். மிஷின் வாயைத் திறக்கும்போது அட்டையை வைத்து, அது மூடுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். தி.நகர் இனிப்புக் கடைகளுக்குத் தீபாவளிப் பெட்டிகள். அது 1998.

மிஷின்களை ஓட்டும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் போட்டவன் நான், சாய்நாத். மயிலாப்பூர்க்காரன், பி.இ. படித்தவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. புரோகிராம் என் சொந்தச் சரக்கல்ல. வெளிநாட்டில் யாரோ எழுதி, இன்டர்நெட்டில் இலவசமாக விட்டது. கை வந்து போகும் நேரத்தைக் கவனித்து, அது தானாகவே வேகம் கற்றுக்கொள்ளும். அதை வைத்து வேலை செய்கிறவர்கள் கேட்டால் உள்ளே எழுதியிருப்பதைக் காட்டியாக வேண்டும் என்று அதோடு வந்த லைசென்ஸ் நிபந்தனை சொன்னது.

கை உள்ளே இருந்தால் புரோகிராம் மிஷினை நிறுத்திவிடும். முதலாளி அய்யாதுரைக்கு அது இடைஞ்சல். "அந்த வரிகள எடுத்துருங்க தம்பி" என்றார். எடுத்தேன். லைசென்ஸையும் அழித்தேன். இவர்களா படிக்கப் போகிறார்கள் என்ற திமிர்.

புரோகிராமுக்கு வேகம் கற்றுக்கொடுக்க, எட்டுப் பேரில் ஒருத்தியான ஆரோக்கியமேரியை ஒரு வாரம் மிஷின் முன்னால் நிறுத்தினோம். முதலாளி பார்க்கிறார் என்று அவளும் பறந்தாள். பிறகு எட்டு மிஷினும் அவள் வேகத்தில்தான் ஓடின. பத்தாம் நாள், பக்கத்து மிஷினில் நின்ற அஸ்மத்துன்னிசாவின் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் காலை, எல்லோர் முன்னாலும் அய்யாதுரை ஒரு தாளை நீட்டினார். புரோகிராம் வந்தது வந்தபடி இருக்கிறது, விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று டைப் அடித்து, கீழே என் பெயர்.

"கையெழுத்தப் போடுங்க தம்பி. அவ பராக்குப் பாத்திருப்பா."

"அஸ்மத்துன்னிசா தலைய நிமித்தாது சார்" என்றாள் ஆரோக்கியமேரி. "என் வேகத்துக்கு ஓடுன்னா அது இன்னா பண்ணும்? நான்தான் பாவி. நீங்க மெச்சுவீங்கன்னு ஆடினேன்." விசும்பி அழுதாள்.

என் பழியை அவள் சுமக்கிறாள்; நான் பேனாவோடு நிற்கிறேன்.

"தப்பு உங்க மேல இல்ல. கை உள்ள இருந்தா மிஷின் தானா நிக்கும். அத எடுத்தவன் நான். காட்டுன்னு கேக்கற உரிமையும் உங்களுக்கு இருந்தது. அதையும் மறைச்சேன்."

"படிச்சவருன்னு உன்ன நம்பித்தானே கைய வச்சோம்?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. கையெழுத்துப் போடாமல் தாளை அய்யாதுரையிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"என் மிஷின், என் புரோகிராம். இவளுகளுக்கு எதுக்குவே காட்டணும்?" அய்யாதுரை கத்தினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க கையப் பாத்துத்தானே சார் அது கத்துக்கினுது? அப்ப எங்களுக்கும் பங்கு கீது. எடுத்தத திரும்ப வையுங்க. அதுவரைக்கும் ஒரு அட்டை உள்ள போவாது."

ஏழு பேரும் வெளியேறி வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். அய்யாதுரை போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் ஒரு வேன் நிறையப் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லாம் பெண்கள்.

நான் தெருவோரம் நின்றேன். அவர்களோடு உட்கார எனக்கு என்ன யோக்யதை?

"உன்ன மன்னிச்சிட்டோம்னு நெனச்சிக்காத" என்றாள் ஆரோக்கியமேரி. "இவங்களும் கைய உள்ள வைக்கப் போறவங்க. நீ பண்ணத உன் வாயால சொல்லு."

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தலை குனியாமல் சொல்ல முயன்றேன். முடியவில்லை, குனிந்தபடியேதான் சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். வந்தவர்களில் ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

ஆரோக்கியமேரி கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.