மடிப்பு விழுந்த ஆரஞ்சு வானம்

அந்த மேஜையில் விலை பேசக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம். ஏரிக்கரை ஊரில், லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளைச் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். வாங்குவது, விற்பது, மாற்றிக்கொள்வது எல்லாம் முடிந்த பிறகு, பச்சைத் துணி விரித்த மேஜையில் ஆளுக்கு ஓர் அட்டையை வைப்பார்கள். எது அபூர்வம், எதற்கு எத்தனை டாலர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எது அழகு? அவ்வளவுதான் கேள்வி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சோடா மூடி இருக்கும். மனதுக்குப் பிடித்த அட்டையின் பக்கத்தில் அதை வைக்க வேண்டும். தன் அட்டைக்குத் தானே வைக்கக் கூடாது.

ஹார்லன் ஸ்டக்கியின் அட்டைக்கு ஒரு மூடியும் விழுந்ததில்லை.

மனிதருக்கு இதைப் போல அவமானம் வேறில்லை. ஹார்லனுக்கு இரும்புக்கடையில் பெயின்ட் கலக்கும் வேலை. ஊரில் எந்த வீட்டுச் சுவர் எந்த நிறம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். 'எனக்கு இருக்கிற கண்ணு இங்க எவனுக்கு இருக்கு' என்பது அவருடைய உள்மனதின் அன்றாட ஜபம். அவர் வைக்கும் அட்டை எப்போதும் ஒன்றுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் ஆண்டில் சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அட்டை. டச் வான்ஹார்ன் என்ற பந்து வீச்சாளர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நிற்பார். பின்னால் மைதானம் கிடையாது, கூட்டம் கிடையாது. வெறும் ஆரஞ்சு வானம். மேலே அடர்ந்து, இடுப்பருகே ரோஜா நிறமாகி, முழங்காலுக்குக் கீழே மஞ்சளாகக் கரைந்துபோகும். கன்னத்தில் யாரோ திருவிழா பொம்மைக்குத் தடவியது போல ஒரு சிவப்பு. சுற்றிலும் வெள்ளை விளிம்பு. கீழே பழுப்பு எழுத்தில் பெயர். அச்சடித்தவனுக்குப் பேஸ்பால் தெரிந்திருக்குமோ இல்லையோ, சாயங்கால வெளிச்சம் எப்படியிருக்கும் என்று தெரிந்திருந்தது.

ஹார்லனின் அட்டையில் அந்த வானம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. அவருக்கு முன்னால் வைத்திருந்தவன் எவனோ ஜன்னலோரம் மாட்டியிருக்க வேண்டும். போதாததற்கு வலது மேல்மூலையிலிருந்து வான்ஹார்னின் கைகள் வரை தலைமுடி கனத்தில் ஒரு மடிப்பு வேறு.

"மறுபடியும் அதே வானமா?" என்பாள் அயரீன் கோச். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், சங்கத்துக்குத் தலைவி, குரலும் பேருந்து ஹாரன்தான். "பாவம்ப்பா அந்த வீச்சாளர். கையத் தூக்கிக்கிட்டே நிக்கிறார். யாராவது எறக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். ஹார்லனும் சிரிப்பார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒவ்வொருவராகக் கரித்துக்கொட்டுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், எழுபத்தேழாம் வருடம் ஏப்ரல் மாதம், டெல்பர்ட் நோவாக் அந்தக் காரியத்தைச் செய்தார்.

டெல்பர்ட் கார்களுக்குப் புகைக்குழாய் மாற்றும் பட்டறை வைத்திருப்பவர். ஹார்லனின் பழைய சிநேகிதர். நகக்கண்ணில் எப்போதும் கரி. நிறத்தைப் பற்றி அவரிடம் கேட்டால், "சிவப்பு நல்லாருக்கும்" என்பார், அதற்கு மேல் பேச்சு வராது. அப்படிப்பட்டவர் அன்று சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து மேஜையில் ஒன்றை வைத்தார். படங்களை ஒட்டிவைக்கும் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து வெட்டிய கறுப்புத் தாள். அதன்மேல் ஒட்டிய வான்ஹார்ன்.

அதே அட்டை. அதே கைகள். ஆனால் வானம்! அறுபது எழுபது வருடம் வெயில் படாமல் மூடிக் கிடந்த வானம். உரித்த ஆரஞ்சுச் சுளையின் ஈரம் அதில் இருந்தது. பக்கத்திலேயே ஹார்லனின் வான்ஹார்ன், காய்ச்சலில் படுத்து எழுந்தவர் மாதிரி நின்றார்.

"அடேயப்பா," என்றாள் அயரீன். அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

"ஒரு பாட்டியம்மா வீட்டக் காலி பண்ணி சாமானெல்லாம் வித்தாங்க," என்றார் டெல்பர்ட் கூச்சத்தோடு. "விதைப் பாக்கெட் படம், கிறிஸ்துமஸ் வாழ்த்து, அதுக்கு நடுவுல இவர் ஒட்டிக்கிட்டிருந்தார்."

மூடிகள் விழுந்தன. டெல்பர்ட்டின் மூடியைத் தவிர அத்தனையும் அவருக்கே. ஹார்லனும் தன் மூடியை அங்கேதான் வைக்க வேண்டியிருந்தது. வைக்காவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வைத்த கை திரும்பி வருவதற்குள் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. சாயம் தெரியாத இந்த மனுஷனுக்கா இது கிடைக்க வேண்டும்?

இதற்கு மேல் டெல்பர்ட் செய்ததுதான் கொடுமை. கூட்டம் கலைந்ததும் அருகில் வந்து அந்தத் தாளை ஹார்லனிடம் நீட்டினார்.

"இத நீயே ஊற வச்சு உரிச்சுக் குடு ஹார்லன். எங்கிட்ட இருந்தா கிழிச்சிடுவேன். உன் கைதான் கை."

அது உண்மைதான். பசையில் ஒட்டிய பழைய அட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, காகிதம் நோகாமல் பிரிப்பதில் ஹார்லனை மிஞ்ச ஆளில்லை. "பயப்படாதீங்க, இந்த மை எண்ணெய் மை. தண்ணி இத ஒண்ணும் பண்ணாது," என்று சங்கத்தில் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவர் அவரே.

புதன்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, மனைவி வெர்னா ஆப்பிள் பை சுடும் கண்ணாடித் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அட்டையை மிதக்கவிட்டார். கறுப்புத் தாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. பசை ஜவ்வாக மிதந்தது. அட்டை தனியே கழன்று வந்தபோது, தண்ணீருக்குள் அந்த வானம் இன்னும் பிரகாசமாகத் தெரிந்தது. மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே தொலைபேசி டைரக்டரியை ஏற்றினார்.

காய்ந்ததும் எடுத்தார். தன்னுடையதையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வைத்திருக்கக் கூடாது. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கப் பார்க்க மனசு கோணிக்கொண்டே போனது.

வெர்னா எட்டிப் பார்த்தாள். "அத டெல்பர்ட்டுக்குத் திருப்பிக் குடுக்கப் போறியா, இல்ல அதோட குடும்பம் நடத்தப் போறியா?"

"உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?"

"எனக்குத் தெரியாதுதான். ஆனா என்னைய நீ ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்ல, அது தெரியும்," என்று துணி உலர்த்தப் போய்விட்டாள்.

ஹார்லனுக்குள் கணக்கு ஓடியது. இரண்டும் ஒரே அட்டை. பின்பக்கமும் ஒரே சிகரெட் விளம்பரம். வானம் வெளுத்ததற்குத் தண்ணீர் மேல் பழி போடலாம். மடிப்பு? உரிக்கும்போது விழுந்தது என்று சொல்லலாம். டெல்பர்ட் நம்புவார், அவர் எதையும் நம்புகிற ரகம். மேஜையைச் சுற்றி இருக்கும் மற்றவர்களா? என் அட்டையை என்றைக்கு எவன் உற்றுப் பார்த்தான்? பார்த்திருந்தால் ஒரு மூடியாவது விழுந்திருக்காதா?

அந்தக் கடைசி நினைப்புதான் அவரைத் துணிய வைத்தது. தன்னுடைய வெளுத்த வான்ஹார்னை உறையில் போட்டு மேலே "டெல்பர்ட்" என்று எழுதினார்.

சனிக்கிழமை டெல்பர்ட் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய மீன், ஏரியில் காலையில் பிடித்தது. "உனக்கும் வெர்னாவுக்கும்," என்று கொடுத்துவிட்டு உறையைப் பிரித்தார்.

வெகுநேரம் பார்த்தார். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்தார். கட்டைவிரல் மடிப்பின் மேல் மெல்லப் போய் வந்தது.

"தண்ணி கொஞ்சம் சாயத்த எடுத்துடுச்சு, டெல்பர்ட்," என்றார் ஹார்லன்.  "உரிக்கும்போது இங்க ஒரு மடிப்பும் விழுந்துடுச்சு. பழைய காகிதம் பாரு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

டெல்பர்ட் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அட்டையை.

"சரி. பரவால்ல," என்றார். "ரொம்ப நன்றி ஹார்லன்." அட்டையை உறையில் போடாமல் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மீன் வறுபட்டது. ஹார்லன் ஒரு துண்டோடு எழுந்துகொண்டார்.

அட்டை கிடைத்துவிட்டது. ஆனால் யாரிடம் காட்டுவது? மேஜை இழுப்பறையைத் திறப்பார், பார்ப்பார், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மூடுவார். அழகான பொருள் வைத்திருப்பவனுக்கு இரண்டு கண் போதாது, நாலு பேர் கண் வேண்டும். அந்த நாலு பேர் கண்ணுக்குத்தான் அதைக் காட்ட வழியில்லை.

மே மாத ஞாயிறு வந்தது. ஹார்லன் வேறு ஏதோ ஒரு அட்டையைக் கொண்டுபோய் வைத்தார், நீலப் பின்னணியில் ஒரு பந்து பிடிப்பவர். இழுப்பறையில் விட்டுவரப் பயந்து ஆரஞ்சு வானத்தைச் சட்டையின் உள்பையில் வைத்திருந்தார். டெல்பர்ட் கைக்குட்டையைப் பிரித்து, வெளுத்த வான்ஹார்னை மேஜையில் வைத்தார்.

அயரீன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். "இது என்ன, போன மாசம் பாத்தப்ப பளபளன்னு இருந்துச்சே. என்னாச்சு?"

ஹார்லன் முந்திக்கொண்டார். "ஊற வச்சேன். தண்ணியில..."

"தண்ணியிலயா?" அயரீன் அவர் பக்கம் திரும்பினாள். "தண்ணி இந்த மைய ஒண்ணும் பண்ணாதுன்னு எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீதான? உன்ன நம்பித்தான என் அட்டைங்க அத்தனையும் குளிச்சுது. ஆமா, உன் வானம் எங்க இன்னைக்கு?"

எல்லோரும் ஹார்லன் பக்கம் திரும்பினார்கள்.  ஹார்லனின் கை தன்னையறியாமல் சட்டையின் உள்பையை மூடியது.

"அது என் தப்பு," என்றார் டெல்பர்ட். "ஹார்லன் நல்லாத்தான் உரிச்சுக் குடுத்தான். நான்தான் பட்டறையில ஜன்னலோரம் வெயில்ல வச்சுட்டேன். எனக்கு எங்க தெரியுது இதெல்லாம். மடிச்சுப் பையில வேற வச்சுட்டேன்."

"நீ ஒரு ஆளுன்னு உன் கையில போய் அது கெடச்சுது பாரு," என்று அயரீன் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் குனிந்தாள். "ஆனா ஒண்ணு. இந்த மடிப்பு பாத்தியா, சரியா அவர் கைக்கு மேல மேகம் ஓடுற மாதிரி இருக்கு. வெளுத்ததுலயும் ஒரு அழகு இருக்கத்தான் செய்யுது." தன் மூடியை அங்கே வைத்தாள்.

அவளைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஹார்லனின் அட்டைக்கு, ஹார்லன் கண் முன்னால், மூடிகள் குவிந்தன. எத்தனை வருடம் காத்திருந்தார் இதற்கு. 'அது என்னோடதுடா, பாவிங்களா' என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்த முடியுமா? தன் கையிலிருந்த மூடியையும் டெல்பர்ட் பெயருக்கு வைத்தார்.

கார் நிறுத்தும் இடத்தில் டெல்பர்ட்டைப் பிடித்தார். உள்பையிலிருந்து பளபளக்கும் வான்ஹார்னை எடுத்து நீட்டினார். 

"இந்தா. இது உன்னோடது. என்னோடதக் குடுத்துடு."

டெல்பர்ட் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கு உறையப் பிரிச்சதுமே தெரியும்," என்றார். "இந்த மடிப்ப எனக்குத் தெரியாதா? எத்தன வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன் உன் அட்டைய. எனக்கு இந்தச் சாயம் அது இதெல்லாம் சொல்லத் தெரியாது. ஆனா அந்த மேகத்து மேல எனக்கு ஒரே ஆச. உன்மேல பொறாமயாக்கூட இருக்கும்."

"அப்புறம் ஏன் ஒரு தடவயாவது மூடி வைக்கல?"

"வச்சா நீ அத விட்டுத் தர மாட்டியே. யாரும் மதிக்கலன்னு உனக்கே ஒரு நாள் சலிச்சுப்போகும், அப்ப கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன்." டெல்பர்ட் கார்க் கதவைத் திறந்தார். "பாட்டியம்மா வீட்டுல அத எடுத்ததே அதுக்குத்தான். நீ ஊற வச்சு முடிச்சதும், 'இத நீ வச்சுக்க, உன்னோடத எனக்குக் குடு'ன்னு கேக்க நெனச்சேன். மீனெல்லாம் கொண்டாந்தேனே, எதுக்கு? கேக்கறதுக்குள்ள நீயே மாத்திட்ட."

ஹார்லன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். டெல்பர்ட் கேட்கும் வரை பொறுத்திருந்தால், எல்லோர் கண் முன்னாலும் நேர்வழியில் வந்து சேர்ந்திருக்க வேண்டிய பொருள்.

"டெல்பர்ட், தப்புதான். திருப்பிக் குடுத்துடுப்பா."

"மாட்டேன்," என்றார் டெல்பர்ட். குரலில் கோபம் இல்லை, அதுதான் ஹார்லனால் தாங்க முடியவில்லை. "நீயே உறையில என் பேர எழுதிக் குடுத்தது. அத வச்சுக்க, நல்ல அட்டைதான். மேஜையில மட்டும் வச்சுடாத. அயரீன் கண்ணு பொல்லாதது."

கார் போய்விட்டது.

வீட்டில் வெர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஹார்லன் அவள் எதிரே உட்கார்ந்து அட்டையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்து ஆரஞ்சு இன்னும் ஆரஞ்சானது.

"அழகாத்தான் இருக்கு," என்றாள் வெர்னா. "இதுதான வேணும்னு கெடந்த? மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?"

ஹார்லன் வான்ஹார்னின் கைகளுக்கு மேலே, வலது மூலையில், விரலால் தடவிப் பார்த்தார். மடிப்பு இல்லை, வழவழவென்று இருந்தது. ஊருக்கு அந்தப் பக்கம், கரி படிந்த ஒரு பட்டறையில், டெல்பர்ட் இந்நேரம் கைக்குட்டையைப் பிரித்திருப்பார் என்று நினைத்தார். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.